காரை இறக்கினால் தூக்கிப்போடுமா?

வடசென்னையில் கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்து மெக்கானிக் ஷெட்களில், காரை இறக்குவது, அதாவது ஸ்பிரிங்கை மாற்றியோ வெட்டியோ வண்டியின் உடலைத் தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்துவது பற்றிய இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். "அண்ணே, வண்டி ரொம்பத் தூக்கலா நிக்குது, ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டி இறக்கிடலாமா?" என்று ஒரு தம்பி கேட்பான். பக்கத்தில் நிற்கும் ஒருவர், "இறக்கினா முதுகு போயிடும்பா" என்பார். இன்னொருவர், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, என் மச்சான் வண்டி அலுங்காம குலுங்காம போகுது" என்பார்.

இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். இறக்கியதால் ஓட்டவே முடியாமல் போன கார்களும் உண்டு, இறக்கிய பிறகும் சொகுசாகப் போகும் கார்களும் உண்டு. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை யாரும் பொறுமையாக விளக்குவதில்லை. அதனால் ஆசைப்பட்ட பிள்ளைகள் காசையும் தொலைத்து வண்டியையும் கெடுத்துக்கொள்கிறார்கள். நம் ஏரியா ரோட்டை வைத்துக்கொண்டு காரை இறக்க ஆசைப்படும் ஒருவருக்கு அடிப்படை புரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும், ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

## மடங்குவதற்கு இடம் வேண்டும்

காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகின் விளிம்பிலிருந்து தளத்துக்குக் குதிக்கும் ஆளைப் பாருங்கள். கால் தரையில் பட்டதும் முழங்கால் மடங்கும். அந்த மடக்கம்தான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, அதனால் இடுப்புக்கு மேலே ஒன்றும் தெரிவதில்லை. அதே ஆள் ஏற்கெனவே முக்கால்வாசி குந்திய நிலையில் குதித்தால்? மடங்குவதற்கு மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். அது தீர்ந்ததும் தொடை கெண்டைக்காலில் இடிக்கும், மீதி அடி நேராக முதுகெலும்புக்குப் போகும்.

காரில் அந்த முழங்காலின் வேலையைச் செய்வதுதான் சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் அமைப்பு. சக்கரம் மேலே ஏறவும் கீழே இறங்கவும் இருக்கும் தூரத்தை டிராவல் என்பார்கள். கார் சமதரையில் நிற்கும்போது, சக்கரம் மேல்நோக்கி இன்னும் எவ்வளவு ஏறலாமோ அதுதான் நமக்கு முக்கியமான டிராவல். அந்தத் தூரத்தின் முடிவில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பரோ நுரைக்கட்டியோ இருக்கும். இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அதன் வேலை. பள்ளத்தில் விழும்போது "டொம்" என்று ஒரு அடி கேட்டு முதுகில் உறைக்கிறதே, பெரும்பாலும் அது டிராவல் தீர்ந்துபோய் பம்ப் ஸ்டாப்பில் இடித்த சத்தம்தான்.

காரை 30 மி.மீ. இறக்கினால் இந்த மேல்நோக்கிய டிராவலில் அதே 30 மி.மீ. போய்விடும். வண்டி பார்க்கத் தாழ்வாகத் தெரிவதற்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை இதுதான்.

இதுவரை பார்த்தது: உயரம் குறைந்தது என்பதற்காக முதுகு வலிப்பதில்லை. சக்கரம் ஏறுவதற்கு இடம் தீர்ந்துபோவதால்தான் வலிக்கிறது.

## ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி

"இந்த ஸ்பிரிங் கெட்டி, அது மெத்து" என்று பொதுவாகச் சொல்வதற்கு ஒரு அளவு இருக்கிறது. ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க எத்தனை கிலோ எடை வைக்க வேண்டும் என்பதுதான் அது. இதை ஸ்பிரிங் ரேட் என்கிறார்கள். எடையை இரட்டிப்பாக்கினால் அமுங்குவதும் இரட்டிப்பாகும் என்ற விதியை 1678-ல் ராபர்ட் ஹூக் வெளியிட்டார். இன்றுவரை கார் ஸ்பிரிங் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங் ரேட் 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வண்டி சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் 125 மி.மீ. அமுங்கியிருக்கும். அதே இடத்தில் இரண்டரை கிலோ ஸ்பிரிங் போட்டால் 100 மி.மீ.தான் அமுங்கும். (உண்மையான காரில் ஸ்பிரிங் சாய்வாகவும் உள்ளே தள்ளியும் இருக்கும், எண் கொஞ்சம் மாறும். புரிந்துகொள்ள இது போதும்.)

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அதே நீளத்தில் கெட்டி ஸ்பிரிங் போட்டால் வண்டி இறங்காது, 25 மி.மீ. மேலே ஏறும். 30 மி.மீ. இறக்க வேண்டுமென்றால் புது ஸ்பிரிங் பழையதைவிட 55 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும். அதனால்தான் இறக்குவதற்கென்று செய்த ஸ்பிரிங்கைத் தரையில் வைத்துப் பார்த்தால் நினைத்ததைவிட ரொம்பக் குட்டையாகத் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படி.

சரி, கெட்டி ஸ்பிரிங் போட்டால் சொகுசு எவ்வளவு கெடும்? இதைச் சொல்லும் எண், வண்டி ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பது. காரை ஒரு மூலையில் அமுக்கி விட்டால் அதுவாக ஆடும் வேகம் அது. இதை இயல்பு அதிர்வெண் என்பார்கள், அளவு ஹெர்ட்ஸ். சாதாரணக் குடும்பக் கார்கள் நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை முறை ஆடும்படி செய்யப்படுகின்றன. நாம் எடுத்துக்கொண்ட காரில் 2 கிலோ ஸ்பிரிங்கோடு 1.4 வருகிறது, இரண்டரை கிலோவோடு 1.6 வருகிறது. ஸ்பிரிங் கால்வாசி கெட்டியானாலும் ஆட்டம் எட்டில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. நல்ல ரோட்டில் உட்காருபவருக்கு இந்த வித்தியாசம் லேசாகத்தான் தெரியும். நொடிக்கு இரண்டைத் தாண்டினால்தான் "கட்டையா இருக்கு" என்று எல்லோரும் சொல்ல ஆரம்பிப்பார்கள். மனித உடம்புக்கு மேல்கீழ் ஆட்டத்தில் நொடிக்கு நாலு முதல் எட்டு முறை வரை வரும் அதிர்வுதான் ரொம்ப உறுத்தும். கெட்டித்தனம் கூடக்கூட அந்தப் பக்கம் நெருங்குகிறோம்.

எடையும் இந்தக் கணக்கில் இருக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் காலி டிரெய்லர் ஒன்று தடதடவென்று துள்ளிக்கொண்டு போவதையும், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் அதே பள்ளத்தில் அமைதியாக ஏறி இறங்குவதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் ஒரே பட்டை ஸ்பிரிங்தான். சுமைக்காகக் கெட்டியாகச் செய்த ஸ்பிரிங், சுமை இல்லாதபோது வண்டியைத் தூக்கி எறிகிறது. "ஸ்பிரிங் கெட்டியா மெத்தா?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த எடைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

## இறக்கியதும் வரும் கடன்

இனிதான் விஷயத்தின் மையம். நம் காரில் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் வரை 80 மி.மீ. டிராவல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 80 மி.மீ. தூரத்தில் ஸ்பிரிங் ஒரு குறிப்பிட்ட அளவு அடியை வாங்கிக்கொள்ளும். காரை இறக்கிய பிறகும் அதே அளவு அடியைக் குறைந்த தூரத்திலேயே வாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் கெட்டியாக வேண்டும். எவ்வளவு கெட்டியாக?

ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல், அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது தூரம் பாதியானால் வாங்கும் அடி கால்வாசியாகிவிடும். எனவே 20 மி.மீ. இறக்கினால் மிச்சம் 60 மி.மீ., ஸ்பிரிங் ஏறக்குறைய 1.8 மடங்கு கெட்டியாக வேண்டும். 30 மி.மீ. இறக்கினால் இரண்டரை மடங்கு. 50 மி.மீ. இறக்கினால் மிச்சம் 30 மி.மீ.தான், அப்போது ஏழு மடங்கு! ஏழு மடங்கு கெட்டியான ஸ்பிரிங் போட்ட காரில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போவதற்குள் உட்கார முடியாமல் போய்விடும்.

20 மி.மீ.க்கும் 50 மி.மீ.க்கும் கண்ணுக்கு மூன்று விரல் கட்டைகூட வித்தியாசம் தெரியாது. சஸ்பென்ஷனுக்கு அது வேறு உலகம். "கொஞ்சம் இறக்கினேன், நல்லாத்தான் இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் இறக்கினேன், வண்டியே நாசமாயிடுச்சு" என்று சொல்பவர்களின் அனுபவத்துக்குக் காரணம் இந்த வர்க்கக் கணக்குதான்.

அப்படியானால் 30 மி.மீ. இறக்கிய நல்ல கார்கள் எப்படி ஓடுகின்றன? இரண்டரை மடங்கு ஸ்பிரிங்கோடு அவை வருவதில்லை. வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்பிரிங் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்குத்தான் கெட்டியாகிறது. மீதியில் ஒரு பகுதியை பம்ப் ஸ்டாப் எடுத்துக்கொள்கிறது. இன்றைய கார்களில் இது வெறும் தடுப்புக்கட்டை இல்லை. நுண்ணிய காற்றறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரை. தொட்டதும் மெதுவாக அமுங்கி, போகப்போக இறுகும். இரண்டாவது ஸ்பிரிங் என்றே சொல்லலாம். நல்ல லோயரிங் செட்டில் இதைவிடக் குட்டையான பம்ப் ஸ்டாப்பும் சேர்ந்து வரும், அல்லது இருப்பதில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று குறிப்பு இருக்கும்.

இன்னொரு வழி, ஒரே ஸ்பிரிங்கில் இரண்டு குணம் வைப்பது. ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுமுனையில் தள்ளித்தள்ளியும் இருக்கும் ஸ்பிரிங்கைப் பார்த்திருக்கலாம். சின்னக் குலுக்கலில் எல்லாச் சுற்றும் வேலை செய்யும், மெத்தென்று இருக்கும். ஆழமாக அமுங்கும்போது நெருக்கமான சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒதுங்கிக்கொள்ள, மிச்சச் சுற்றுகள் மட்டும் கெட்டியாக நிற்கும். இதுதான் புரோகிரசிவ் ஸ்பிரிங். தினம் ஆபீசுக்கும் கடைக்கும் போகிற காருக்கு என் தேர்வு இதுதான்.

சுருக்கமாக: இறக்கும் ஒவ்வொரு மி.மீ.யும் முந்தையதைவிட விலை அதிகம். 20 முதல் 30 வரை சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

## உங்கள் காரில் எவ்வளவு மிச்சம்

இதை யாரிடமும் கேட்கத் தேவையில்லை, நீங்களே அளக்கலாம். காரை ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஷாக் அப்சர்பரின் மேல்பகுதியில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அதை மேலே தள்ளினால் உள்ளே பளபளவென்று குரோம் பூசிய ராடு தெரியும். ராடின் மேல்முனையில் கோத்தது போல மஞ்சளாகவோ கறுப்பாகவோ இருப்பதுதான் பம்ப் ஸ்டாப். ராடைச் சுற்றி, சிலிண்டரின் வாய்க்கு ஒட்டினாற்போல், ஒரு மெல்லிய கேபிள் டையைக் கட்டுங்கள். அழுத்திக் கட்ட வேண்டாம், கையால் தள்ளினால் நகர வேண்டும். நீட்டியிருக்கும் வால் பகுதியை நறுக்கிவிடுங்கள்.

சக்கரத்தைப் போட்டு இறக்கி, கார் சும்மா நிற்கும்போது டை எங்கே வந்திருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில், வழக்கமான ஆட்களோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். மூலக்கடை, மணலி, எர்ணாவூர் எதுவாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு அடியிலும் சிலிண்டரின் வாய் டையை மேலே தள்ளிக்கொண்டே போகும், அது திரும்பி வராது. வாரக் கடைசியில் கழற்றிப் பார்த்தால் ரோடு உங்களிடம் கேட்ட அதிகபட்ச டிராவல் அங்கே எழுதியிருக்கும். டை பம்ப் ஸ்டாப்பையே முட்டி நிற்கிறதென்றால், கம்பெனி உயரத்திலேயே உங்கள் ரோடு மொத்த டிராவலையும் தின்றுகொண்டிருக்கிறது. அந்தக் காரை இறக்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். 25 மி.மீ. மிச்சம் இருந்தால், அந்த 25 உங்களுடையது.

நூறு பேர் சொல்லும் கருத்தைவிட இந்த ஒரு கேபிள் டை எனக்குப் பெரிது.

## ஷாக் அப்சர்பர் செய்வது வேறு வேலை

பெயரே குழப்புகிறது. அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய அடியைத் திருப்பித் தராமல் அடக்குவதுதான் ஷாக் அப்சர்பர். உள்ளே எண்ணெய் இருக்கும். சின்னச் சின்ன வழிகள் கொண்ட பிஸ்டன் அந்த எண்ணெயைப் பிதுக்கிக்கொண்டு மேலும் கீழும் போகும். அந்த உராய்வில் ஆட்டம் சூடாக மாறி வெளியே போய்விடும். குண்டும் குழியுமான ரோட்டில் நெடுநேரம் ஓட்டிய பிறகு ஷாக்கைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

இரண்டு திசைக்கும் இது வேறுவேறு அளவில் தடுக்கும். சக்கரம் மேலே ஏறும்போது தடுப்பது பம்ப், ஏறிய சக்கரம் திரும்ப இறங்கும்போது தடுப்பது ரீபவுண்ட். சாதாரணக் காரில் ரீபவுண்ட் தடுப்புதான் அதிகம் இருக்கும். அமுங்கிய ஸ்பிரிங் தன் முழு வேகத்தோடு காரை மேலே எறிய முயல்கிறது, அதைப் பிடிப்பது ரீபவுண்ட்.

ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டால், எறியும் சக்தி கூடிவிட்டது, பிடிக்கும் சக்தி அப்படியே இருக்கிறது. விளைவு, ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை குதிக்கும். இதைத்தான் நம் ஆட்கள் "தூக்கிப்போடுது" என்கிறார்கள். ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்வார்கள், குற்றம் ஷாக்கில் இருக்கும். ஸ்பிரிங் கால்வாசி கெட்டியானால் ஷாக்கின் தடுப்பு சுமார் எட்டில் ஒரு பங்கு கூடினால் போதும். புதிதான, நல்ல நிலையில் உள்ள ஷாக் அந்தக் கொஞ்ச வித்தியாசத்தைத் தாங்கிவிடும். அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்துப்போன ஷாக் தாங்காது. இறக்கும் செலவில் ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி ஷாக்கை விட்டுவிடுவது ரொம்பப் பொதுவான தப்பு.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. ஷாக்கைத் திருகிக் கெட்டியாக்கும் வசதியுள்ள கோயிலோவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தை மரை திருகி மாற்றும் அமைப்பு) வாங்கியவுடன் சிலர் எல்லாவற்றையும் முழுக் கெட்டிக்குத் திருகிவிடுவார்கள். ரீபவுண்ட் அளவுக்கு மீறினால், ஒரு பள்ளத்தில் அமுங்கிய சக்கரம் இறங்கி வருவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். வரிசையாகப் பள்ளம் இருக்கும் ரோட்டில் கார் ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கொஞ்சம் கீழே உட்கார்ந்துகொண்டே போய், கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். லாரிச் சக்கரங்கள் அலை அலையாக அழுத்தி வைத்த மணலி பக்கத்து ரோடுகளில் இது நன்றாகத் தெரியும். மெத்திலிருந்து ஆரம்பித்து, துள்ளல் அடங்கும் வரை மட்டும் ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டுவதுதான் முறை.

## சுத்து வெட்டினால் என்ன ஆகும்

"வெட்டினா ஸ்பிரிங் வலு குறைஞ்சிடும்" என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர் எதிர். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் இரண்டை வெட்டினால் மிச்சம் நாலு சுற்றுதான் வளைய வேண்டும். ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு கெட்டியாகிவிடும். கெட்டியாவதில் தவறில்லை, அது கணக்கில்லாமல் நடப்பதுதான் தவறு. எவ்வளவு இறங்கும், முன்னும் பின்னும் பொருந்துமா, ஷாக் பிடிக்குமா என்று எதுவும் தெரியாமல் கிரைண்டரை வைப்பது சூதாட்டம்.

அதைவிட மோசம் உட்காரும் இடம். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அடித்தட்டில் கச்சிதமாகப் படியும்படி கம்பெனியில் வடிவமைத்திருப்பார்கள். வெட்டிய முனை அப்படிப் படியாது. நீளமும் குறைந்துவிட்டதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிவிடக்கூடும். வேகத்தில் இது நடந்தால் விபத்து. எந்த முறையில் இறக்கினாலும் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் கையால் ஆட்டினால் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஆடினால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒரு கூடுதல் காரணமும் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. வெட்டிய இடத்தில் பூச்சு போய் வெறும் இரும்பு தெரியும். துரு அங்கே தொடங்கும், விரிசலும் அங்கேதான் தொடங்கும். கேஸ் வைத்துச் சூடாக்கி ஸ்பிரிங்கைத் தளர்த்தி இறக்குவதும் சில இடங்களில் நடக்கிறது. ஸ்பிரிங்குக்கு உயிரே அதற்குக் கொடுத்த பதம்தான். சூட்டில் அந்தப் பதம் போய்விடும். இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

## பின்சீட்டில் மூன்று பேர்

இறக்கிய காரைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று சொல்வது சுலபம். வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வடிவுடையம்மன் கோயிலுக்குக் கிளம்பும்போதுதான் உண்மை தெரியும்.

பின்னால் மூன்று பேர், ஏறக்குறைய 180 கிலோ, ஒரு சக்கரத்துக்கு 90. இரண்டரை கிலோ ஸ்பிரிங்கில் அது 36 மி.மீ. அமுங்கும். 80 மி.மீ. டிராவலில் 30 இறக்கியதில் போச்சு, 36 ஆட்கள் ஏறியதில் போச்சு. மிச்சம் 14 மி.மீ. ஒரு சின்னப் பள்ளத்துக்குக்கூடக் காணாது. இறக்காத காரிலேயே 2 கிலோ ஸ்பிரிங் 45 மி.மீ. அமுங்கி 35 மி.மீ. மிச்சம் வைக்கும். அதனால் எத்தனை மி.மீ. இறக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது பின்சீட்டு. அடிக்கடி முழுக் குடும்பமும் போகும் கார் என்றால் பின்பக்கத்தை 15, 20 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை.

முன் பின் பொருத்தத்தில் இன்னொரு அழகான விஷயம் இருக்கிறது. ஒரு மேட்டில் முதலில் முன்சக்கரம் ஏறுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காரில், பின்சக்கரம் அதே மேட்டில் ஏற கால் நொடிக்கும் சற்றுக் குறைவாக ஆகும். முன்பக்கம் முதலில் ஆடத் தொடங்கிவிட்டதால், இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் முன்பக்கம் இறங்கும்போது பின்பக்கம் ஏறும். தலை முன்னும் பின்னும் ஆட்டப்படும், வயிற்றைப் புரட்டும். பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடும்படி செய்தால் அது முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, கார் முழுவதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த பொறியாளர் மாரிஸ் ஆலி இதை ஆராய்ந்து சொன்னார். கம்பெனிகள் அதை மனதில் வைத்தே ஸ்பிரிங் போடுகின்றன. முன்பக்கத்துக்கு மட்டும் கெட்டி ஸ்பிரிங் போட்டு இறக்கினால் இந்தப் பொருத்தம் உடைந்துவிடும். நான்கும் ஒரு செட்டாக வாங்கச் சொல்வதற்கு வியாபாரம் தாண்டிய காரணம் இது.

## டயர் தின்னும் சொகுசு

இறக்கியதால் கட்டையாகிவிட்டது என்று புகார் சொல்பவர்களின் காரில் பெரும்பாலும் வீலும் மாறியிருக்கும். டயரில் எழுதியிருக்கும் முதல் எண் அகலம் (மி.மீ.), இரண்டாவது எண் பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் வீலின் அங்குலம். 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் உயரம் 120 மி.மீ. 205/45 ஆர்17 டயரில் அது 92 மி.மீ. பள்ளத்தின் கூர்மையான விளிம்பை முதலில் வாங்குவது அந்தப் பக்கச்சுவரில் இருக்கும் காற்றுதான், ஸ்பிரிங் அசைவதற்கு முன்பே. அதில் 28 மி.மீ.யைக் கழித்துவிட்டு, அதோடு கனமான பெரிய அலாய் வீலையும் மாட்டினால், ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் குறைவு. சொகுசு வேண்டுமென்றால் கம்பெனி அளவு வீலோடு இருங்கள். மிஞ்சினால் ஒரு அங்குலம் கூட்டலாம். 195/55 ஆர்16 போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், பக்கச்சுவர் 107 மி.மீ. கிடைக்கும்.

## ஸ்பீடு பிரேக்கரும் சட்டமும்

சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவுமாக இருக்க வேண்டும். அந்த அளவில் போட்டிருந்தால் இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காரின் வயிற்றுக்கு அடியில் வேகத்தடை 45 மி.மீ. அளவுக்குத்தான் எழும்பும். எவ்வளவு இறக்கிய காரும் தாண்டிவிடும். நம் தெருக்களில் இருப்பது ஒரு முழ அகலத்தில் கரடுமுரடாகக் குவித்த சிமென்ட் மேடு. அது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே முழுதாக அடங்கிவிடுவதால், அதன் மொத்த உயரமும் வயிற்றை நோக்கி நிற்கும். தரைக்கும் வயிற்றுக்கும் 165 மி.மீ. இடைவெளி உள்ள காரை 30 இறக்கினால் 135. மேடு அதற்கு மேல் இருந்தால் தட்டத்தான் செய்யும். கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவது கொஞ்சம் உதவும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளிலும் தாழ்வான தெருக்களிலும் தண்ணீர் நிற்கும்போது, இஞ்சினுக்குக் காற்று போகும் வாயும் அதே அளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

சட்டம் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. காசைச் செலவழிப்பதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

## பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

சரியான பொருளை வாங்கியும் சொகுசு வராமல் போவதற்கு ஒரு காரணம் போல்ட் முறுக்கும் நேரம். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் உடலோடு இணைக்கும் இரும்புக் கை), பின் ஆக்சில் போன்றவை உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். பல கார்களில் இந்த ரப்பர் வெளிக்கூட்டோடும் உள்குழாயோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். கார் ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் தொங்கும் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் எப்போதும் முறுகியே இருக்கும். சஸ்பென்ஷன் தேவையில்லாமல் இறுகும், புஷ் சீக்கிரம் கிழியும். "அண்ணே, வண்டியைச் சக்கரத்துல நிக்க வச்சுட்டு கடைசி டைட் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

முன்பக்கத்தில் குனிந்து லோயர் ஆர்மையும் பாருங்கள். உடலிலிருந்து சக்கரத்தை நோக்கி அது லேசாகக் கீழ்நோக்கிச் சரிய வேண்டும், அல்லது படுக்கையாக இருக்கலாம். சக்கரத்தை நோக்கி மேலே ஏறினால் அளவுக்கு மீறி இறக்கியாயிற்று. அந்த நிலையில் திருப்பத்தில் கார் சாய்வது குறைவதற்குப் பதில் அதிகமாகவும் வாய்ப்பிருக்கிறது.

சில நாள் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். இறக்கும்போது சக்கரத்தின் சாய்வான கேம்பரும், முனை உள்ளே வெளியே திரும்பும் டோவும் மாறிவிடும். டயரின் உள்விளிம்பு சத்தமில்லாமல் தேய்வதற்குப் பெரிய காரணம் டோதான். அலைன்மென்ட் கடையிலேயே ஹெட்லைட் உயரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட அதிகம் இறங்கியிருந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும்.